சண்டை நீள்வதும் சண்டை கடினமாவதும் ஒன்றா? ஃபேண்டஸி ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) கேம்களின் கடினநிலை பற்றி

தனிவாள்:

ஸ்கைரிம் என்ற ஆர்பிஜி கேமைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எடுத்து, இம்முறை லெஜண்டரி என்ற உச்சக் கடினநிலையில் முடித்தே தீருவது என்ற வீம்போடு தொடங்கினேன். நேற்றிரவு ஒரு பழைய கல்லறையின் கடைசி அறையில், சவப்பெட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்த டிராகர் டெத்லார்டு என்ற வலுவான பிணவீரனோடு மோதியபோது, சலிப்பினால் அடிகளை எண்ண ஆரம்பித்தேன். என் வாள் அவன்மேல் ஐம்பத்திரண்டு முறை பட்டது. அந்த ஐம்பத்திரண்டு அடிக்கும் நான் செய்தவை மூன்றே காரியங்கள்: பின்வாங்கினேன், அவன் கோடரியை ஓங்கி முடித்ததும் முன்னேறி வெட்டினேன், ஹெல்த் (உயிர்வலு) பாதிக்குக் கீழே இறங்கியபோதெல்லாம் மெனுவைத் திறந்து மருந்துக் குப்பிகளைக் குடித்தேன். மெனு திறந்திருக்கும் வரை கேம் அப்படியே உறைந்து நிற்பதால், கோடரி தலைக்கு மேலே தொங்கும் நேரத்திலும் பத்துக் குப்பிகளை ஆற அமரக் குடிக்க முடிகிறது. ஒருவழியாக அவன் விழுந்தபோது வென்ற மகிழ்ச்சி துளியும் வரவில்லை; கனமான மூட்டையை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு இழுத்துப் போட்ட களைப்புதான் மிஞ்சியது.

லெஜண்டரி என்ற இந்த நிலை, கேம் 2011இல் வெளிவந்தபோது இல்லை. 2013இல் ஒரு பேட்ச் (திருத்தப் பதிப்பு) மூலம் சேர்க்கப்பட்டது. அதில் நம் அடி கால் பங்காகக் குறைகிறது, நம்மேல் விழும் அடி மூன்று மடங்காகிறது. ஒரு படி கீழே உள்ள மாஸ்டரில் அதே கணக்கு பாதியும் இரு மடங்கும். எதிரி புதிதாக ஒரு மந்திரத்தைக் கற்றுக்கொள்வதில்லை, தன் கூட்டாளியின் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை, நாம் குப்பி குடிக்கும் பழக்கத்தைக் கண்டு தன் போக்கை மாற்றிக்கொள்வதுமில்லை. பெருக்கல் கணக்கு ஒன்று மட்டுமே மாறுகிறது. இதன் பக்கவிளைவாக, நேருக்கு நேர் மோதும் வழிகள் எல்லாம் அடைபட்டு, ஒளிந்திருந்து தாக்கும்போது கிடைக்கும் பெருக்கலை நம்பியே எல்லோரும் போய்ச் சேருகிறார்கள். பதுங்கிச் சென்று குத்தும் குறுவாளின் அடியைப் பதினைந்து மடங்காக்கும் திறன் இருக்கும்போது, வாளும் கேடயமுமாக முன்வாசல் வழியே நுழைபவர் முட்டாளாகிவிடுகிறார். கடினநிலையை ஏற்றினால் வழிகள் கூட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கே அவை ஒன்றோ இரண்டோவாகச் சுருங்கிவிடுகின்றன.

எனவே என் கேள்வி இது. ஒரு சண்டை எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்துக்குள் நம்மிடம் எத்தனை முடிவுகளைக் கேட்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் கடினநிலையைப் பற்றிப் பேச முடியுமா? ஆறு நிமிடச் சண்டை முப்பது முடிவுகளைக் கேட்டால் அது கடினமான சண்டை. அதே ஆறு நிமிடம் ஒரே முடிவை முப்பது முறை திரும்பச் செய்யச் சொன்னால், அதற்குக் கடினம் என்ற பெயர் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மற்றவர்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழையபகடை:

தனிவாள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் அந்த அளவுகோலைத் தனிச் சண்டைக்கு மட்டும் வைத்துப் பார்ப்பதில் ஒரு பிழை இருக்கிறது. 1998இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் எதிர்ப்படும் ஒற்றை ஓநாயோ நான்கு கிப்பர்லிங்குகளோ பெரிய முடிவு எதையும் கேட்பதில்லை. ஆனால் முதல் லெவல் மந்திரவாதியிடம் ஓய்வெடுக்கும் வரை பயன்படுத்த ஒரே ஒரு மந்திரம்தான் இருக்கும், ஹெல்த்தும் நான்கு அல்லது ஐந்துதான் இருக்கும். அந்த ஒரே உறக்க மந்திரத்தை இந்த நான்கு சில்லறை எதிரிகள்மேல் செலவிடுவதா, அல்லது வாள்வீரன் இரண்டு அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று அடுத்த மோதலுக்குச் சேமித்து வைப்பதா என்பதே அங்கே எழும் கேள்வி. அந்தக் கேள்வி ஒரு சண்டைக்குள் இல்லை. விடியலிலிருந்து அடுத்த உறக்கம் வரை நீளும் ஒரு முழு நாளுக்குள் இருக்கிறது. அதே கேமில் சத்திரத்தின் படிக்கட்டில் காத்திருக்கும் டார்னெஷ் என்ற மந்திரவாதி, தன்னைப் பல பிம்பங்களாகப் பெருக்கிக்கொண்டு, நம் ஆட்களை அச்சத்தில் சிதறி ஓடவைப்பதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கையிருப்பைக் காலி செய்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் முந்தைய சில்லறைச் சண்டைகளின் விலை புரிந்தது.

ஆகவே 'நிரப்புச் சண்டை' என்று நாம் இகழ்வதெல்லாம் வீண் அல்ல. இருப்பு குறைய வேண்டும் என்ற விதி உயிரோடு இருக்கும் வரை அவற்றுக்கு வேலை இருக்கிறது. விதி செத்த பிறகும் சண்டைகளை அப்படியே விட்டுவைத்ததில்தான் குழப்பம் தொடங்கியது. 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் சண்டை முடிந்த சில நொடிகளில் ஹெல்த்தும் மந்திர வலுவும் தாமாகவே நிரம்பிவிடும். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகும் நிலத்தடிச் சுரங்கப் பாதைகளில் மணிக்கணக்கில் அதே டார்க்ஸ்பான் கும்பல்களை வரிசையாக நிறுத்தியது ஏன்? முந்தைய சண்டையில் நான் நன்றாக ஆடினேனா மோசமாக ஆடினேனா என்பது அடுத்ததில் தெரியவே தெரியாது என்றால், இடையில் உள்ளவை எல்லாம் நடைபாதையை நீட்டும் வேலையை மட்டுமே செய்கின்றன.

பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி வரிசையில் இந்த மாற்றத்தைக் கண்முன்னே பார்க்கலாம். 2015இல் வந்த முதல் பாகத்தில் முகாமிடும் பொருள்கள் எண்ணிக்கைக்குட்பட்டவை. கடினநிலை ஏற ஏற நாம் சுமக்கக்கூடிய எண்ணிக்கை குறையும். 2018இல் வந்த இரண்டாம் பாகத்தில் பெரும்பாலான திறன்களும் மந்திரங்களும் ஒவ்வொரு சண்டைக்கும் புதிதாக நிரம்பின. அளவிடும் அலகு நாளிலிருந்து சண்டைக்கு மாறிவிட்டது என்றே சொல்வேன். அலகு மாறினால் ஒவ்வொரு சண்டையும் தன் காலிலேயே நிற்க வேண்டும்; ஆகவே எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும்.

தனிவாள்:

நாள் என்ற அலகை நான் யோசிக்கவில்லை, நன்றி. ஆனால் ஓர் ஐயம். ஓய்வெடுக்கும்போது பதுங்கித் தாக்குவார்கள் என்ற விதியையே, படுக்கும் முன் சேவ் செய்து, தாக்கினால் லோட் செய்து, நாம் எல்லோரும் ஏமாற்றிக்கொண்டுதானே இருந்தோம்? பால்டர்ஸ் கேட் 3இல் நீண்ட ஓய்வுக்கு 40 அளவு உணவு வேண்டும், டாக்டிஷியன் என்ற கடினமான நிலையில் 80 வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் பெட்டிக்குப் பெட்டி, பீப்பாய்க்குப் பீப்பாய் உணவு கிடைப்பதால், இரண்டாம் பகுதிக்கு வரும்போது என் முகாம் ஒரு தானியக் கிடங்காகவே மாறியிருந்தது. இருப்புக் குறைவு என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன செய்வது?

மோட்பட்டறை:

நான் சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் சண்டை மோட்கள், அதாவது கேமின் சண்டைகளை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகள், செய்து வருபவன். தனிவாள் கேட்ட கேள்விக்கு என் தோல்வி ஒன்றையே பதிலாகத் தருகிறேன். ஊறிப்போன பஞ்சுபோல் அடிவாங்கும் எதிரிகள் எனக்கும் பிடிக்காது. எனவே என் முதல் மோட்டில் எல்லோருடைய ஹெல்த்தையும் பாதியாக்கினேன். எல்லோருடைய அடியையும் இரு மடங்காக்கினேன். சண்டைகள் குறுகும், ஒவ்வொரு முடிவும் கனக்கும் என்று நம்பினேன். சண்டைகள் குறுகத்தான் செய்தன. ஆனால் யார் முதலில் அடிக்கிறாரோ அவரே வென்றார். வில்லாளிகள் மூவர் மேட்டில் நின்றிருந்தால், நான் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பே என் கூட்டாளிகள் இருவர் தரையில் கிடந்தார்கள். என் வாள்வீரனின் கேடயத் திறன்கள் எல்லாம் பயனற்றுப் போயின, ஏனெனில் அவை வேலை செய்ய அவன் குறைந்தது மூன்று அடிகளைத் தாங்கி நிற்க வேண்டும்; இப்போது இரண்டிலேயே விழுந்துவிடுகிறான். முடிவுகள் கூடவில்லை, எல்லா முடிவுகளும் சண்டைக்கு முன்னால் நகர்ந்துவிட்டன. எங்கே சேவ் செய்வது என்பதே மிக முக்கியமான உத்தியாகிவிட்டது.

அதிலிருந்து கற்றது இதுதான்: எதிரியின் ஹெல்த் என்பது நேரத்தை வாங்கித் தரும் நாணயம். ஒரு திட்டம் தவறிப்போய், அதை நாம் உணர்ந்து, மாற்றிக்கொண்டு, அந்த மாற்றம் பலன் தரும் அளவுக்காவது சண்டை நீள வேண்டும். அதற்கு மேல் நீண்டால் அது தனிவாளின் மூட்டை. அதற்குக் கீழே சுருங்கினால் என் வில்லாளிகள்.

இரண்டாவது முயற்சியில் எண்களைத் தொடவே இல்லை. ஐந்து கொள்ளையர்கள் இருந்த முகாமில் ஒருவனை எடுத்துவிட்டு, அவன் இடத்தில், கூடாரத்துக்குப் பின்னால், காயம் ஆற்றும் மந்திரம் மட்டுமே தெரிந்த ஒரு கிழவியை நிறுத்தினேன். அவளால் யாரையும் அடிக்க முடியாது. ஆனால் அவள் இருக்கும் வரை முன்வரிசை விழாது. அவளை அடைய வேண்டுமென்றால் வரிசையைச் சுற்றிப் போக வேண்டும், அல்லது ஒரு மந்திரத்தை அவளுக்கென ஒதுக்க வேண்டும். என் மோட்டை ஆடிப் பார்த்தவர்கள் இந்த முகாமைத்தான் மிகக் கடினம் என்றார்கள், மிக நன்றாக இருந்தது என்றவர்களும் அவர்களே. மொத்த எதிரி ஹெல்த் அங்கே முன்பைவிடக் குறைவு.

பழையபகடை குறிப்பிட்ட பில்லர்ஸ் முதல் பாகத்துக்கு இந்த இடத்தில் ஒரு பாராட்டு சொல்ல வேண்டும். அதில் ஈஸி, நார்மல், ஹார்டு என்று மாற்றும்போது எதிரிகளின் எண்ணிக்கையும் கலவையும் மாறுகின்றன; எண்களை நேரடியாக ஏற்றுவது உச்சநிலையில்தான். பால்டர்ஸ் கேட் 3இல் பின்னர் சேர்த்த ஹானர் நிலையிலும் அதே எண்ணம் தெரிகிறது: ஒரே சேவ் என்ற அச்சத்தோடு, முக்கிய எதிரிகளுக்கு மற்ற நிலைகளில் இல்லாத தனிச் செயல்கள் கிடைக்கின்றன. ஏற்கெனவே ஒருமுறை வென்ற பாஸிடம்கூட மீண்டும் கவனமாகப் போக வேண்டியிருக்கிறது.

பனிப்படலம்:

எல்லோரும் ஒரு சண்டையையும் ஒரு நாளையும் பற்றிப் பேசுகிறீர்கள். நாற்பது மணிநேரத்துக்கு விரியும் முழு வளைவைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆர்பிஜியில் வேகம் என்பது வளர்ச்சியோடு கட்டப்பட்டது. பத்தாவது மணியில் என்னை ஓட ஓட விரட்டியவனை முப்பதாவது மணியில் இரண்டே அடியில் வீழ்த்தும்போது கிடைக்கும் நிறைவுக்காகத்தான் பலர் இந்த வகை கேம்களுக்கே வருகிறோம். அந்த எளிய சண்டை எந்த முடிவையும் கேட்பதில்லை. தனிவாளின் அளவுகோலில் அது பூஜ்ஜியம் வாங்கும். ஆனாலும் அதை இழக்க நான் தயாராக இல்லை.

இந்த நிறைவைத் தொலைத்ததற்கு 2006இல் வந்த ஒப்ளிவியனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. நாம் லெவல் ஏற ஏற உலகமும் நம்மோடு ஏறும். தொடக்கத்தில் தோலாடை அணிந்து வழிமறித்த கொள்ளைக்காரன், பிற்பகுதியில் ஒரு கோட்டையையே விலைக்கு வாங்கும் மதிப்புள்ள கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்து வழிச்செலவுக்குக் காசு கேட்பான். அத்தனை செல்வம் உள்ளவனுக்கு வழிப்பறி எதற்கு என்று அப்போதே சிரித்திருக்கிறோம். சிரிப்புக்கு அப்பால் ஒரு தீவிரமான கோளாறு உண்டு. அதில் முதன்மைத் திறன்கள் மொத்தமாகப் பத்து முறை உயர்ந்தால் ஒரு லெவல் கூடும். அந்த முதன்மைத் திறன்களில் பேச்சுத்திறனையும் குதித்தோடும் திறனையும் சேர்த்துவிட்ட ஒரு புதியவர், சந்தையில் பேசிக்கொண்டும் படிக்கட்டில் குதித்துக்கொண்டுமே லெவல் ஏறிவிடுவார். அவர் வாள்வீச்சு அப்படியே இருக்கும், வெளியே காட்டில் கோப்ளின்கள் மட்டும் வலுத்துக் காத்திருக்கும். வளர்வதே தண்டனையாகிறது. 1999இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 8இல் இது இன்னும் வேடிக்கை: எதிரிகளின் லெவல் நம் அணியின் சராசரியைப் பின்தொடர்வதாலும், நம் உண்மையான வலு லெவலைவிட உடலோடு இணைத்துக்கொள்ளும் மந்திரங்களிலிருந்தே அதிகம் வருவதாலும், சண்டைகளைத் தவிர்த்து லெவல் ஏறாமலே சுற்றுபவருக்குத்தான் கேம் எளிதாகிறது.

இதற்கு எதிர்முனையில் 2001இல் வந்த காதிக் நிற்கிறது. உலகம் நமக்காக ஓர் அங்குலமும் வளைந்து கொடுக்காது. முகாமுக்கு வெளியே காட்டுக்குள் சில அடி தூரம் தவறிப் போனால் நிழல்மிருகம் ஒரே பாய்ச்சலில் கதையை முடித்துவிடும். அங்கே வேலி இல்லை, சுவர் இல்லை, 'உங்கள் லெவல் போதாது' என்ற பலகையும் இல்லை, அச்சம்தான் வேலி. பல இரவுகளுக்குப் பின் நல்ல கவசத்தோடு அதே காட்டுக்குள் நுழைந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஸ்கைரிம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தை முயன்றது: இடத்துக்கு இடம் ஒரு கீழெல்லை, சிலவற்றுக்கு மேலெல்லை, முதன்முறை நுழையும்போதே அந்த இடத்தின் லெவல் உறுதியாகிவிடுவது என்று. நல்ல சமரசம்தான், அதன் கடினநிலைப் பெருக்கல் அதைக் கெடுக்காத வரை.

எண்சுவடி:

நேரத்தைப் பற்றிப் பேசும்போது கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். முறை வைத்து, அதாவது ஒருவர் பின் ஒருவராக மாறி மாறி, ஆடும் சண்டையில் நம் பக்கம் நான்கு பேர், எதிரே பன்னிரண்டு பேர் என்று கொள்வோம். ஒவ்வோர் எதிரியும் நடந்து வந்து, கையை உயர்த்தி, மந்திர ஒளி பறந்து, அடி விழுந்து, எண் மேலெழுந்து மறைய எட்டு நொடி என்றால், ஒரு சுற்றில் நாம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் 96 நொடி. நமக்குரிய முடிவுகள் நான்கு. சுற்றுகள் ஐந்தென்றால் எட்டு நிமிடம் பார்வையாளராக இருந்து இருபது முடிவுகளை எடுத்திருக்கிறோம். பால்டர்ஸ் கேட் 3இன் முதற்பகுதியில் கோப்ளின் முகாம் முழுவதையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்தச் சண்டை எனக்குப் பிடித்தது. ஆனால் அதைக் கடினமாக்கியதில் பாதி என் பொறுமைக்கு வைத்த சோதனை.

எனவே முறை வைத்து ஆடும் கேம்களில் எதிரியின் எண்ணிக்கையைக் கூட்டுவது, நேரடிச் சண்டைக் கேம்களில் ஹெல்த்தைக் கூட்டுவதற்குச் சமமான சோம்பேறித்தனமாகிவிடக்கூடும். மோட்பட்டறையின் கிழவி இதனால்தான் எனக்குப் பிடித்தாள்: எண்ணிக்கையை ஏற்றாமல் கேள்வியை ஏற்றினாள்.

இதுவரை கண்ட தீர்வுகளில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரில் 2020இல் சேர்த்தது. 2018இல் வெளிவந்தபோது நிகழ்நேரத்தில் ஓடி, வேண்டும்போது நிறுத்திக் கட்டளையிடும் முறை மட்டுமே அதில் இருந்தது. முறை வைத்து ஆடும் வடிவத்தைப் பின்னர் சேர்த்தபோது, சண்டையின் நடுவிலேயே ஒரு பொத்தானில் இரண்டுக்கும் இடையே மாறிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். நான்கு கோபால்டுகள் வந்தால் நிகழ்நேரத்தில் விட்டுவிடுவேன், பத்து நொடியில் முடிந்துவிடும். மந்திரவாதி ஒருவன் தலைகாட்டியதும் முறைக்கு மாற்றி ஒவ்வோர் அடியையும் எண்ணுவேன். வேகத்தை ஆடுபவர் கையில் கொடுத்ததால், வடிவமைத்தவர்கள் நிரப்பிவைத்த தேவையற்ற சண்டைகள்கூட எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. அதே கேமின் தொடக்கத்தில் ஒரு குகைக்குள் வரும் சிலந்திக் கூட்டங்களைப் பற்றி மட்டும் நல்லதாக ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. வாளும் அம்பும் அவற்றின்மேல் வேலை செய்யா. தீக்குப்பிகளோ பரப்பைத் தாக்கும் மந்திரங்களோ வேண்டும். இந்தக் கேமுக்கு மூலமான மேசை விளையாட்டின் விதிநூலைப் படித்தவருக்கு அது சிறு புன்னகை, படிக்காதவருக்கு அது சுவர். அறியாமையைச் சோதிப்பது கடினநிலை ஆகாது, குறைந்தது குகை வாசலிலாவது ஒரு துப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

பனிப்படலம் சொன்ன 'இரண்டடி நிறைவு' பற்றி ஒரு சிறு குறிப்பு. 1994இல் வந்த எர்த்பவுண்டில், நாம் மிகவும் வலுத்துவிட்டால் எதிரியைத் தொட்ட உடனே வெற்றி என்று அறிவித்து, சண்டைத் திரையே வராமல் அனுபவப் புள்ளிகளைத் தந்துவிடும். சின்ன எதிரிகள் நம்மைக் கண்டதும் திரும்பி ஓடும். நிறைவும் கிடைக்கிறது, நேரமும் மிஞ்சுகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைப் பின்பற்றுபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு விளங்காத புதிர்.

மெல்லநடப்பவர்:

வெகுநாள் வாசகன், எழுதுவது அரிது. எனக்கு விரல் மூட்டுகளில் நீண்டநாள் வலி உண்டு. வேகமாகப் பொத்தான்களை அழுத்த முடியாது. இங்கே நடக்கும் பேச்சில் ஒரு வேறுபாட்டை எல்லோரும் தாண்டிச் செல்வதாகத் தோன்றியதால் எழுதுகிறேன்.

கடினம் என்பதில் குறைந்தது இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று என் மூளையிடம் கேட்பது, மற்றொன்று என் விரல்களிடம் கேட்பது. பால்டர்ஸ் கேட் இரண்டாம் பாகத்தின் மந்திரவாதிகள் கல்தோல் அணிந்து, அதன்மேல் மந்திரக் காப்புகளை அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். எந்த அடுக்கை எந்த மந்திரத்தால் உரிப்பது என்று நிறுத்தி வைத்துவிட்டு அரைமணி நேரம் யோசித்திருக்கிறேன். அதைவிடக் கடினமான சண்டைகளை நான் கண்டதில்லை, ஆனால் அவை என் விரல்களை ஒருபோதும் வருத்தவில்லை. கேம்களில் ஒரே ஒரு கடினநிலைப் பட்டியை மட்டும் வைக்கும்போது இந்த இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. விரல்களுக்காக நான் ஈஸிக்குப் போனால், என் மூளைக்கும் சேர்த்தே பஞ்சணை போட்டுவிடுகிறார்கள். எதிரிகள் முட்டாள்களாகிறார்கள், நான் கொட்டாவி விடுகிறேன்.

ஹேடஸ் கேமில் உள்ள காட் மோடை மட்டும் நன்றியோடு நினைக்கிறேன். முழுமையான ஆர்பிஜி என்று அதைச் சொல்ல முடியாதுதான், ஆனாலும் பாடம் பொருந்தும். அதை இயக்கினால் வாங்கும் அடி 20 விழுக்காடு குறையும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இன்னும் 2 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். எதிரிகள் அதே எதிரிகள், அவர்களின் உத்திகளும் அதே உத்திகள். எனக்கு மட்டும் தவறு செய்ய இடம் கூடுகிறது, அதுவும் எனக்குத் தேவைப்படும் அளவுக்கே கூடுகிறது. எல்டன் ரிங்கில் கடினநிலைத் தேர்வே கிடையாது என்று பெருமையாகப் பேசுகிறார்கள். உண்மையில் ஆவித்துணைகளை அழைப்பதும், அழைக்காமல் விடுவதும், பெரிய கேடயத்தின் பின்னால் நின்று ஈட்டியால் குத்துவதும் எல்லாம் பெயர் சூட்டப்படாத கடினநிலைகள்தாம். இரு மாதங்கள் பிடித்தாலும், அந்தக் கேடயத்தோடு நான் அதை முடித்தேன்.

மோட்பட்டறை:

மெல்லநடப்பவர் எழுதியதைப் படித்த பிறகு என் மோட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒரே பட்டியாக இருந்ததை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்: வாங்கும் அடி, எதிரிகளின் கலவை, தடுப்பதற்குக் கிடைக்கும் நேரம்.

எல்டன் ரிங் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். 2024 ஜூனில் அதன் விரிவாக்கம் வந்தபோது, அங்கே மட்டும் செல்லுபடியாகும் ஒரு தனி வலுவூட்டலை வைத்தார்கள்: நிலமெங்கும் சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தேடிச் சேர்த்தால், அடிக்கும் வலுவும் தாங்கும் வலுவும் படிப்படியாக ஏறும். நூற்றைம்பது லெவலோடு வந்தவரும் குறைந்த லெவலோடு வந்தவரும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நோக்கம். பலர் துண்டுகளைத் தேடாமல் நேரே பாஸிடம் போய் மோதி, மிகக் கடினம் என்று குரல் எழுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் வந்த திருத்தத்தில் எந்த பாஸின் ஹெல்த்தையும் பொதுவாகக் குறைக்கும் வழிக்குப் போகவில்லை. வலுவூட்டலின் முதல் பாதிப் படிகள் தரும் பயனைக் கூட்டினார்கள். முதற்சில துண்டுகளை எடுத்தவருக்கே வேறுபாடு தெரியும்படி வளைவை முன்பக்கம் உயர்த்தினார்கள். எண்ணை எங்கே தொடுவது என்று அறிந்து தொட்டதாக எனக்குத் தோன்றியது. பனிப்படலம் சொன்ன முழு வளைவு என்பது இதுதான்.

மாறாக, டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2இல் உடற்கவசம், மந்திரக் கவசம் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பட்டிகள் வைத்து, பட்டி தீரும் வரை மயக்கமோ உறைதலோ பிடிக்காது என்று விதித்ததை நான் இன்றும் ஏற்கவில்லை. அணியில் இருவர் வாளாலும் இருவர் மந்திரத்தாலும் அடித்தால், இரண்டு பட்டிகளையும் பாதி பாதியாகக் குறைத்துவிட்டு எதிரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நால்வரும் ஒரே வகையில் அடித்தால் சண்டை பாதி நேரத்தில் முடிகிறது. பலவிதமான அணியை அமைப்பதற்கு ஆர்பிஜியே தண்டனை கொடுத்தால் எப்படி? அதன் மேடு பள்ளங்களும், ஒன்றோடொன்று கலந்து எரியும் எண்ணெயும் நெருப்பும் இல்லையென்றால் பாதியிலேயே விட்டிருப்பேன்.

பழையபகடை:

கவச விஷயத்தில் மோட்பட்டறையோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. அதற்கு முந்தைய பாகத்தில் முதல் சுற்றிலேயே எல்லோரையும் உறையவைத்துவிட்டு, நின்ற சிலைகளை உடைத்ததை மறந்துவிட்டீர்களா? அந்த நோய்க்கு மருந்தாகத்தான் கவசம் வந்தது. மருந்து கசந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

தனிவாளுக்கு: கிடங்கு நிரம்பிய பிறகு விதி வேலை செய்யாதுதான். நான் இப்போதெல்லாம் எனக்கு நானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன். வடிவமைப்பாளர் செய்ய வேண்டிய வேலையை ஆடுபவர் செய்வது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை; ஆனால் அதனால் என் மாலைப்பொழுதுகள் நன்றாகக் கழிகின்றன.

தனிவாள்:

உங்கள் அறிவுரையை இரவிலேயே சோதித்துப் பார்த்தேன். கடினநிலையை அடெப்டுக்கு இறக்கினேன். அங்கே பெருக்கல் ஏதும் இல்லை, அவன் அடி அவன் அடி, என் அடி என் அடி. கூடவே மூன்று விதிகளை வைத்துக்கொண்டேன்: ஒரு கல்லறைக்குள் மூன்று குப்பிகள் மட்டும், சண்டை தொடங்கியபின் மெனுவைத் திறப்பதில்லை, வாசலில் செய்த சேவ் ஒன்றுதான். அதே டெத்லார்டு. குப்பிகளை விரைவுப் பட்டியலில் வைத்திருந்ததால் அதைத் திறந்து குடிக்கும் நேரத்தில்கூட விதி மீறலோ என்று மனம் உறுத்தியது, ஏனெனில் அந்தப் பட்டியலும் கேமை நிறுத்திவிடுகிறது.

முதல் முறை அவன் கத்திய மந்திரக் கத்தலில் என் வாள் கையைவிட்டுப் பறந்து இருட்டில் எங்கோ விழுந்தது. தேடிக் குனிந்த இடத்திலேயே செத்தேன். லெஜண்டரியில் இது நடந்திருந்தால் மெனுவிலிருந்து வேறு வாளை எடுத்திருப்பேன். இரண்டாம் முறை தூணைச் சுற்றி ஓடினேன். ஓடும்போதுதான் தரையில் பளபளத்துக்கொண்டிருந்த எண்ணெயையும், அதற்கு நேர்மேலே தொங்கிய விளக்கையும் முதன்முறையாகக் கவனித்தேன். இந்த அறைக்கு நான் இதற்கு முன்பு எத்தனை முறை வந்திருப்பேன்! கவனித்த நொடியில் கோடரி விழுந்தது. மூன்றாம் முறை அவனை எழுப்பிவிட்டு எண்ணெய்க்கு அப்பால் போய் நின்றுகொண்டு, அவன் நடுவே வரும் வரை காத்திருந்து விளக்குக் கயிற்றில் அம்பை விட்டேன். தீயோடு வந்தவனைப் பதினொரு வெட்டில் முடித்தேன். முழுச் சண்டையும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு குப்பி மிச்சமிருந்தது.

எண்சுவடி:

மூன்று முயற்சிகளையும், வாசலிலிருந்து ஒவ்வொரு முறையும் நடந்து வந்ததையும் கூட்டினால் மொத்தம் எத்தனை நிமிடம்?

தனிவாள்:

இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். வழியில் ஆடும் கத்திப் பொறியில் ஒருமுறை செத்ததைச் சேர்க்கவில்லை.